ஏழு காய் அலமாரி

பீப் என்று எங்கே எது கத்தினாலும் இப்போதெல்லாம் நான் ஓடப் பார்க்கிறேன். சலவைக்கூடத்தில் துணி துவைத்து முடித்த மெஷின் கூப்பிடும். அதற்கே கையிலிருக்கும் கூடையைக் கீழே போட்டுவிடுகிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டில் என் அண்ணி இல்லை, என் வீட்டுக்காரர் இல்லை, அந்தப் பாழாய்ப்போன அலமாரியும் இல்லை.

அண்ணி என்றால் என் நாத்தனார், என் வீட்டுக்காரருடைய அக்கா. அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "அதுலயும் பிழை இருக்கும், யாரு உக்காந்து திருத்துறது?" என்பார். நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். எனக்கும் அவருக்கும் ஆகாத நாள் உண்டு, பேசாத நாள் கிடையாது.

மூன்று வருடமாக அவருக்கு நுரையீரல் சரியில்லை. உள்ளே தழும்பேறிச் சுருங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொன்னார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் ஒன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ராப்பகலாக முனகிக்கொண்டிருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மூக்குக்குப் போகும். குழாயைக் கழற்றி முகம் கழுவும் நேரத்துக்குள்ளேயே உதடு சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். மெஷினைக் கொண்டுவந்து வைத்த ஆள், கரன்ட் போனால் தாங்குவதற்கு ஒரு யு.பி.எஸ் வைத்தார். கட்டிலின் தலைமாட்டில் ஒரு சிலிண்டரையும் நிறுத்தினார். "யு.பி.எஸ்ல இந்த மெஷின் மட்டும்தான் மாட்டணும். செல்போன் சார்ஜர்கூட மாட்டக்கூடாது. அதுவும் போச்சுன்னா சிலிண்டர்" என்று படித்துப் படித்துச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் நல்ல பிள்ளைகளைப் போலத் தலையாட்டினோம்.

தலையாட்டியதில் உண்மையாகக் கேட்டுக்கொண்டவள் நான் ஒருத்திதான் என்று பிற்பாடு தெரிந்தது.

அண்ணிக்குச் சதுரங்கம் என்றால் உயிர். ஆனால் ஆடமாட்டார். ஆட்டத்தின் கடைசியில் நாலைந்து காய்கள் மிஞ்சி நிற்கும் அல்லவா, அந்தக் கட்டத்தை மட்டும் வைத்துப் புதிர் கட்டுவார். அக்கா கட்டுவார், தம்பி உடைத்துப் பார்ப்பார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். என் வீட்டுக்காரர் பகல் முழுக்கப் பல் லேபில் உட்கார்ந்து ஊரார் வாய்க்குப் பல் செட் கட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். இரண்டு பேரும் யானை, மந்திரி, குதிரை என்று பேச ஆரம்பித்தால் நான் என்ன கேட்டாலும் கிணற்றில் போட்ட கல்தான்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், அண்ணியின் அறையில் இருந்த அலமாரியிலிருந்து என் துணிகளையெல்லாம் எடுத்துக் கூடத்தில் குவித்துவைத்திருக்கிறார் மனிதர்.

"என்னங்க இது?"

"பலகையில ஏழே ஏழு காய் மிச்சம் இருக்குன்னு வச்சுக்கோ. ரெண்டு ராஜாவையும் சேர்த்துத்தான். அது எப்படி எப்படி நின்னா யாரு ஜெயிப்பாங்க, யாரு தோப்பாங்க, எது டிரான்னு மொத்தத்தையும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வச்சிருக்கு. சந்தேகத்துக்கே இடமில்ல. கடவுளே வந்து உக்காந்தாலும் அதுக்கு மேல ஆட முடியாது."

"ஆடட்டும். என் துணிக்கும் கடவுளுக்கும் என்ன தகராறு?"

"ஆறு காய் வரைக்கும் ஒரு சின்ன டிஸ்க்குல அடங்கிடும். ஏழாவது காய் வந்ததும் நூறு மடங்குக்கு மேல ஆயிடுது. பதினெட்டு டெராபைட்டு. பெரிய டிஸ்க்கா ஆறு வேணும். அதுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு கம்ப்யூட்டர், எல்லாத்துக்கும் ஒரு இடம் வேணும்ல?"

நானும் விடவில்லை. "நெட்லயே யாரோ போட்டிருக்காங்க, கேட்டா சும்மாவே சொல்லுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கட்டிலிலிருந்து அண்ணி சொன்னார். மூன்று சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கித்தான் அவர் பேசுவார். எழுதும்போது அதையெல்லாம் எழுத முடியாது. "ஒண்ணு ரெண்டு கேட்டா சொல்லும்மா. நான் கோடிக்கணக்குல கேக்கணும். கொஞ்சம் வேகமா கேட்டாலே மெதுவா வாங்கன்னு கதவைச் சாத்திடுது. எனக்கு மெதுவா போக நேரம் இல்ல."

அவர் தேடியது ஒரு நிலை. வெள்ளையின் முறையென்றால் வெள்ளை தோற்க வேண்டும். அதே காய்கள் அதே கட்டங்களில் நிற்க, கறுப்பின் முறையென்றால் கறுப்பு தோற்க வேண்டும். அசைகிறவருக்குச் சாவு. அப்படி எத்தனையோ நிலைகள் ஏற்கெனவே உண்டாம். ஆனால் அண்ணி மனதில் வைத்திருந்த ஏழு காய்களைக் கொண்டு யாரும் கண்டுபிடித்ததில்லையாம். இருக்கிறது என்று அவருக்கு உள்ளுக்குள் தெரியுமாம். "இது முழுசா வந்து, அந்த ஒண்ணைப் பாத்துட்டேன்னா போதும். நிம்மதியா கிளம்பிடுவேன்" என்றார் சிரித்துக்கொண்டே. "வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று அதட்டிவிட்டு நான் துணிகளை மடிக்கப் போய்விட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

நெட்டிலிருந்து இறக்குவது மாதக்கணக்கில் நடந்தது. நான் ஒரு படம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். பாதியை நெட்டில் பழக்கமான சிநேகிதர் ஒருவர் டிஸ்க்கில் போட்டுத் தபாலில் அனுப்பினார். அவருக்கு அங்கே 'ஒட்டகம்' என்று பெயர். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. டிஸ்க்குகளை அடிபடாமல் கம்பளிச் சாக்ஸுக்குள் ஒவ்வொன்றாகத் திணித்து அனுப்பியிருந்தது அந்த ஜீவன். சாக்ஸ் எனக்குச் சரியாக இருந்தது. இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

வந்ததையெல்லாம் அண்ணி சும்மா விடமாட்டார். ஒவ்வொரு ஃபைலுக்கும் நீளமாக ஓர் எண் உண்டு. நம்மிடம் வந்த ஃபைலைக் கணக்கிட்டால் அதே எண் வர வேண்டும். ஓர் இடத்தில் ஒரு எழுத்து மாறினாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி இறக்கச் சொல்வார். "பிழையோட வச்சிருக்கிறதுக்கு வைக்காமலே இருக்கலாம்" என்பார். அத்தனை கறாரானவர்கள் அக்காவும் தம்பியும் ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் செய்தார்கள். ஆறு டிஸ்க்கையும் சேர்த்து ஒரே டிஸ்க்கைப் போல ஆக்கியிருந்தார்கள். அதில் ஒன்றைக் காப்புக்கென்று விட வேண்டுமாம்; விட்டால் இடம் போதாதாம்; ஆகவே விடவில்லை. அதில் ஃபைல் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஆறும் சேர்ந்து போகும் என்று என் வீட்டுக்காரரே ஒருநாள் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பயத்தை அக்காவின் இருமலுக்குக்கூட நான் பார்த்ததில்லை.

பெட்டியைக் கூடத்தில் வையுங்கள் என்றேன். அண்ணிக்கு அந்தப் பச்சை விளக்குகள் சிமிட்டுவதைப் படுத்தபடியே பார்க்க வேண்டுமாம். சரி என்றேன். பெட்டி சூடேறியது. சூட்டுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கக்கூடாது என்று யாரோ என் வீட்டுக்காரருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அறிவுள்ளவன் என்ன செய்வான்? பெட்டியை வெளியே எடுப்பான். இவர் சிலிண்டரை எடுத்துக் கீழ்த்தளத்தில் எங்கள் சாமான் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். நாங்கள் இருப்பது நாலாவது மாடி.

"மூச்சு வாங்குறவங்க ரூம்ல இருந்து மூச்சை எடுத்துட்டு டிஸ்க்கை வைப்பீங்களா?" என்று அன்றைக்கு நான் போட்ட சத்தம் மேல்வீடு கீழ்வீடு எல்லாம் கேட்டிருக்கும்.

"யு.பி.எஸ் இருக்குல்ல? இந்த வாரத்தோட எழுதுற வேலை முடிஞ்சிடும். அப்புறம் எல்லாத்தையும் மாத்திடலாம்" என்றார்.

அண்ணியும் சேர்ந்துகொண்டார். "விடும்மா, ஒரு வாரம்தானே." இரண்டு பேரும் ஒரே மாதிரி கெஞ்சினால் எனக்கு இளகிவிடும். விட்டுத் தொலைத்தேன்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. காலையிலிருந்தே வெளியே புயல் மாதிரி காற்று. நான் வேலை முடிந்து வந்து அண்ணிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, எனக்கு டீ போட்டு எடுத்து உட்காரவும் கரன்ட் போனது. பீப் என்றது யு.பி.எஸ். நான் பதறவில்லை. இதற்கு முன்பும் போயிருக்கிறது. நான் சமைத்து, பாத்திரம் தேய்த்து முடிக்கும் வரைக்கும் யு.பி.எஸ் கம்மென்று தாங்கியிருக்கிறது. டீயைக் குடித்தேன்.

டீ பாதி இருக்கும்போதே பீப் சத்தம் நெருக்கமாக வர ஆரம்பித்தது. எழுந்து போய்ப் பார்த்தால் முகப்பில் பேட்டரி அளவைக் காட்டும் நாலு கோட்டில் இரண்டைக் காணோம். கட்டிலுக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். யு.பி.எஸ்ஸில் இரண்டு பிளக் மாட்டியிருந்தது. ஒன்று மெஷினுடையது. இன்னொரு ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். சுவரோரமாக, தரைவிரிப்புக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் ஒளித்து இழுத்திருந்தார்கள். அது அலமாரிக்குள் போனது. திறந்தேன். வீடே இருட்டிக் கிடக்க, உள்ளே ஆறு பச்சை விளக்கும் ஜோராகச் சிமிட்டிக்கொண்டிருந்தன.

"அடப்பாவிகளா!" என்று கத்திவிட்டேன்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரியும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோனது.

என் வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுத்ததும் பின்னால் பல் ராவும் மெஷின் சத்தம்.

"ஏங்க, யு.பி.எஸ்ல ரெண்டாவது ஒயர் எதுக்கு?"

ராவும் சத்தம் நின்றது. "கரன்ட் போயிடுச்சா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!"

"எழுதும்போது போயிடக்கூடாதேன்னு... ரெண்டு நாளைக்குத்தான்... அக்காதான் மாட்டச் சொன்னாங்க."

"பிடுங்கவா?"

அவர் பேசவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு, "பிடுங்கு, பிடுங்கு, நான் வரேன்" என்று கத்தினார். லைன் போய்விட்டது. பிடுங்கச் சொன்னார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு மூச்சை நான் அவருக்கு இன்னும் மன்னிக்கவில்லை.

ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். வழியில் மரம் விழுந்திருக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். போனை வைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தேன். அண்ணியின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. குச்சி போன்ற கை. அதில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"தொடாத."

"அண்ணி, விளையாடுற நேரமா இது?"

"அங்க பாரு. கடைசி ஃபைலு. இறக்கியாச்சு, எழுதிட்டிருக்கு. இப்ப முடிஞ்சிடும்." அலமாரிக்குள் இருந்த சின்னத் திரையில் ஒரு நீலக் கோடு முக்கால்வாசிக்கும் மேல் நிறைந்திருந்தது. "பெட்டியும் மெஷினும் ரெண்டும் ஓடட்டும். நீ போய் சிலிண்டரை எடுத்துட்டு வா. நீ வர்றதுக்குள்ள இது முடிஞ்சிடும். யு.பி.எஸ் அது வரைக்கும் தாங்கும். ரெண்டும் பிழைச்சுக்கும்."

"முடியாது, விடுங்க."

அவர் விடவில்லை. என்னோடு மல்லுக்கு நின்றதில் இருமல் வந்துவிட்டது. இருமி இருமி முகம் கறுத்தது. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டியிருந்த கிளிப்பில் எண் இறங்கிக்கொண்டே போனது. நான் பிளக்கை விட்டால்தான் அவர் என் கையை விடுவார், கையை விட்டால்தான் இருமல் நிற்கும் என்று ஆகிவிட்டது. சரி போகிறேன், போகிறேன் என்று விட்டேன். அவர் சொன்ன கணக்கில் எனக்குத் தப்பு தெரியவில்லை. இரண்டு கோடு இருக்கிறது. நான் ஓடிப்போய் ஓடி வந்துவிடுவேன். கனம் தூக்குவது எனக்குப் புதிதில்லை.

"அசையக்கூடாது. பேசக்கூடாது. நான் வர வரைக்கும் மூச்சை மட்டும் விடுங்க, புரிஞ்சுதா?" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

லிப்ட் இல்லை. படிக்கட்டில் கும்மிருட்டு. செல்போன் வெளிச்சத்தில் இறங்கினேன். சாமான் அறையைத் திறந்தால் சிலிண்டருக்கு முன்னால் டிஸ்க் வந்த அட்டைப்பெட்டிகளும் தெர்மாகோலும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறது. என் வீட்டுக்காரர் எதையும் தூக்கிப் போடமாட்டார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே அத்தனையையும் இழுத்துத் தள்ளினேன். அழுகையும் வந்தது. சிலிண்டரைக் கட்டிப்பிடித்து, தோளில் சாய்த்து, ஈர விரிப்பு மூட்டையைத் தூக்குவதைப் போலத் தூக்கினேன். இரும்பு சில்லென்று கழுத்தில் பட்டது.

முதல் மாடிக்கு வரும்போதே மேலிருந்து பீப் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்திருந்தேன். பீப்பீப்பீப் என்று மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடியில் தோள் மாற்றிக்கொண்டேன். கத்தட்டும், கத்திக்கொண்டே இருந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது மாடி திரும்பும்போது சத்தம் மாறியது. பீப். நிறுத்தி, மறுபடி பீப். நிதானமாக.

கரன்ட் வந்துவிட்டது, அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். சாய்ந்த பிறகுதான் படிக்கட்டு விளக்கைப் பார்த்தேன். எரியவில்லை. கரன்ட் வரவில்லை. அப்படியென்றால் யாரோ ஒரு பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள், பாரம் குறைந்திருக்கிறது, அதனால்தான் யு.பி.எஸ் நிதானமாகிவிட்டது. கடைசியில் அண்ணிக்குப் புத்தி வந்துவிட்டது, பெட்டியைப் பிடுங்கிவிட்டார் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் மிச்சப் படிகளில் எப்படி ஏறினேன் என்று தெரியாது.

அறைக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தது அந்தப் பச்சை விளக்குகள். ஆறும் எரிந்துகொண்டிருந்தன.

மெஷின் முனகவில்லை.

அண்ணி தரையில் இருந்தார். கட்டிலிலிருந்து இறங்கி, முதுகைக் கட்டில் காலில் சாய்த்து, கையில் மெஷினின் பிளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. அதில் காற்று இல்லை. உதடு நீலமாக இருந்தது. கண் மட்டும் அலமாரிக்குள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வந்ததை அவர் பார்க்கக்கூட இல்லை.

எனக்கு அன்று வந்த பயத்துக்குப் பெயர் தெரியவில்லை. அவர் செத்துவிடுவாரோ என்ற பயம் மட்டும் இல்லை அது. அவர் அதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தாரே, அந்தப் பயம். சிலிண்டரின் கழுத்தில் கயிறு போட்டுச் சாவி கட்டியிருக்கும். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். திருகினேன். உஸ் என்று வந்தது. குழாயை மெஷினிலிருந்து உருவிச் சிலிண்டரில் மாட்டினேன். பிறகு எழுந்துபோய், ஒளித்து வைத்திருந்த அந்த ஒயரைக் காலில் சுற்றி ஒரே உதை உதைத்தேன். ஆறு விளக்கும் அணைந்தன. நீலக் கோடு நுனிக்கு இன்னும் ஒரு நகம் அளவு போக வேண்டியிருந்தது.

அண்ணியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குழந்தையிடமிருந்து எதையோ பிடுங்கினால் வருமே, அப்படி.

"பேய் மாதிரி பாக்காதீங்க! எனக்கு உங்களை விட்டா சண்டை போடறதுக்கு யாரு இருக்கா? உங்க பதினெட்டு டெராபைட்டும் வந்து எனக்கு அண்ணியா இருக்குமா?" என்று கத்தினேன். கத்திவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். மெஷின் பிளக்கை மறுபடி மாட்ட வேண்டும் என்று தோன்றவே வெகுநேரம் ஆனது.

என் வீட்டுக்காரர் தலையெல்லாம் வெள்ளைப் பொடியோடு ஓடிவந்தார். நேராக அக்காவிடம்தான் போனார். அதையும் சொல்லிவிட வேண்டும். அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தோம். மூச்சு முன்பிருந்த அளவுக்கு இனி வராது என்றார் டாக்டர். அது எங்களுக்கே தெரிந்தது. மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு என்று இருந்தது இப்போது இரண்டு சொல்லுக்கு ஒன்றாகிவிட்டது.

வீடு வந்த அன்று என் வீட்டுக்காரர் பெட்டியைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் மிஞ்சவில்லை. ஒட்டகத்தின் டிஸ்க்குகளை ஏற்கெனவே அழித்துத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. அந்த ஜீவனும் தன்னிடம் இருந்ததை யாருக்கோ கொடுத்துவிட்டதாம்.

"மறுபடி மொத்தமா இறக்கினா எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டார் அண்ணி. அன்றைக்கு அதுதான் அவர் பேசிய முதல் பேச்சு.

"நம்ம லைன்ல ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்க்கா. விட்டுடலாம்."

அண்ணி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "அப்ப நான் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கணும்" என்றார். ஏதோ வேலை வந்து சேர்ந்துவிட்ட மாதிரி சலித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் முந்திக்கொண்டு சொன்னேன். "இறக்குங்க. பெட்டி கூடத்துல இருக்கணும். அதுக்குத் தனி யு.பி.எஸ். காப்புக்கு ஒரு டிஸ்க். சிலிண்டர் தலைமாட்டை விட்டு ஒரு அங்குலம் நகர்ந்துச்சுன்னா, பல் கட்டுறவர் பல்லை நானே கழட்டிடுவேன்." என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணி சிரித்தார், இருமினார்.

அப்படியாக மறுபடி ஆரம்பித்தது. காலையில் கண் விழித்ததும் எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்பார். சொன்னால்தான் கஞ்சி இறங்கும். மாத்திரையை ஒளித்துவைப்பதில்லை, மூச்சுப் பயிற்சிக்கு முரண்டு பிடிப்பதில்லை. டாக்டரே ஆச்சரியப்பட்டார். எனக்கு மட்டும் அந்த அளவு ஏறுவது பிடிக்கவில்லை. பாதி தாண்டியதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பிளக்கைப் பிடித்துக்கொண்டு நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண் எனக்கு முன்னால் வந்து வந்து நின்றது. முடிந்துவிட்டால் என்ன செய்வார்? கிளம்பிடுவேன் என்று சிரித்தாரே.

யாரிடம் சொல்வது? ஒருநாள் மதியம் வேலையிலிருந்து வந்ததும் கூடத்துக்குப் போனேன். பெட்டிக்குப் பின்னால் இருந்த நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். சமையல் முடிந்ததும் மாட்டினேன். மறுநாளும் செய்தேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் லைன் அடிக்கடி கட்டாகிறது என்று கம்பெனிக்காரனிடம் சண்டை பிடித்தார். பாவம் அந்தக் கம்பெனிக்காரன், இரண்டு தடவை வந்து மோடத்தை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். நான் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

நேற்றைக்குச் சலவைக்கூடத்தில் வேலை நெட்டி வாங்கிவிட்டது. வந்ததும் அப்படியே சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டேன். கேபிள் ஞாபகமே இல்லை.

இன்றைக்கு மதியம் அண்ணிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். ஒரு கரண்டி குடித்தார். என்னைப் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நேத்து லைன் கட்டாகலையே. உடம்பு சரியில்லையா உனக்கு?"

என் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. எத்தனை நாளாகத் தெரியுமோ. பிழை திருத்துகிற கண் அது, எதையாவது விடுமா?

"திட்டுங்க அண்ணி" என்றேன்.

அவர் திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். அதே கை. இந்தத் தடவை அதில் பலமே இல்லை.

"அன்னிக்கு பயமே இல்லம்மா எனக்கு. இப்ப இருக்கு." மூச்சு வாங்கினார். "முடிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு."

மெஷின் முனகிக்கொண்டிருந்தது. நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய்க் கேபிளைப் பிடுங்கினேன். நேற்று விட்டுப்போன நேரத்தையும் சேர்த்துப் பிடுங்கி வைக்கச் சொல்லி உள்ளேயிருந்து குரல் வந்தது.